உப்பில்லாமல் வெந்த கடலை

ஒரு காலத்தில் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே சுண்டல் படியளந்தவள் நான். எதிர்வீட்டுச் சீனத் தம்பதிக்கு ஒரு டப்பா, மேல்மாடி மலாய்க் குடும்பத்துக்கு ஒரு டப்பா, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்கு ஒரு டப்பா. என் மகள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, மறுபடியும் கடலையா? சீரியஸ்லி?" என்று கதவை அறைந்து சாத்துவாள். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்ல மாட்டார். படுக்கையறைச் சன்னலை மட்டும் அகலத் திறந்து வைத்துவிட்டுப் படுப்பார்.

எல்லாரும் எனக்குக் கடலைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். எனக்கு வேண்டியது கடலை இல்லை, கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். கொழகொழவென்று இருக்கும் அந்தத் தண்ணீரைக் குளிரவைத்து, சர்க்கரை போட்டு அடித்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்துப் பொங்கிக்கொண்டு வரும். முட்டை இல்லாமல் கேக் செய்ய அது போதும். தண்ணீர் கேக்குக்குப் போய்விட்டால் கடலை மிச்சம். வெந்த கடலையைக் குப்பையில் கொட்டுகிற மனசு நம் வீடுகளில் யாருக்கு வரும்? அதனால்தான் சுண்டல், கடலை மசாலா, கடலைக் குருமா, மறுபடியும் சுண்டல். கேக் முன்னால் போனால் கடலை பின்னாலேயே வந்தாக வேண்டும். இதை யோசிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை நான் முட்டாளாகவே இருந்தேன்.

இவ்வளவு பாடும் அம்மாவுக்காக.

அம்மா குவீன்ஸ்டவுனில், நானும் அக்காவும் வளர்ந்த அதே பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "என் அடுப்பு என் கையில இருக்கட்டும்" என்பார். அந்த அடுப்பில் அவர் மீன்குழம்பு வைத்த காலத்தில் மின்தூக்கிக் கதவு திறந்ததுமே மணக்கும். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும் அப்பா, கீழே இருந்த ரொட்டிக்கடையில் பாண்டான் சிஃபான் கேக் ஒன்று வாங்கி வருவார். பாண்டான் இலைச் சாறு விட்ட பச்சைக் கேக். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு மீதியை அவர்கள் இரண்டு பேரும் தேநீரோடு சாப்பிடுவார்கள். அம்மா ஓரத்துத் துண்டுக்காக அப்பாவிடம் சண்டை போடுவார்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைப்பாரா என்று தெரியாமல் நாங்கள் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா எழுந்து சிராங்கூன் சாலைக் கோவிலுக்குப் போனார். ஈரப் புடவையோடு நின்று, இவர் எழுந்து வந்தால் கறி, மீன், முட்டை எதையும் உயிர் உள்ளவரை தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார். அப்பா எழுந்து வந்தார். பல வருஷம் நன்றாக இருந்தார். நாங்கள் மருத்துவரைக் கும்பிட்டோம், அம்மா தன் நாக்கைக் கட்டினார்.

சனிக்கிழமைக் கேக் அதற்குப் பிறகும் வந்தது. அம்மா அதை அப்பாவுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்காருவார். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்களிலும் அதே வாழைப்பழம்தான். அவருடைய பிறந்தநாளுக்குக் கேசரியில் மெழுகுவத்தி குத்தியிருக்கிறோம். கேசரி சூட்டில் அது சாய்ந்து, நெய்யில் அணைந்து போனதைப் பார்த்து அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா போன பிறகு, இனி என்ன, சாப்பிடலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாமிகிட்ட பேரம் பேசச் சொல்றீங்களா? உயிர் உள்ளவரைன்னு நான் சொன்னது என் உயிரை, அவர் உயிரை இல்ல."

அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன், அக்காவும் இருந்தாள். இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

முட்டை போடாத கேக் தேக்கா சந்தையில் கிடைக்கும்தான். வாங்கியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் நாக்கு கேட்டது சிஃபான். அதை முட்டையில்லாமல் யார் செய்வார்கள்? அதன் உயிரே வெள்ளைக்கரு நுரையில்தான் இருக்கிறது. ஒரு நாள் கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கடலைத் தண்ணீரை அடித்து, பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். நுரை விழவில்லை. கடலைத் தண்ணீரைக் காலங்காலமாக ரசத்தில் ஊற்றிய பரம்பரை நாம், நமக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எனக்குக் கோபம் கூட வந்தது.

முதல் தடவை என்ன செய்தேன் தெரியுமா? கடலையைக் குக்கரில் போட்டதும் கை தன்பாட்டுக்கு உப்பு, மஞ்சள், வாயுவுக்கு ஒரு துண்டு பெருங்காயம் எல்லாவற்றையும் போட்டுவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! நுரை என்னவோ அழகாகத்தான் வந்தது, இளமஞ்சளாக. கேக்கும் வெந்தது. வாயில் வைத்தால் பாண்டான் வாசத்துக்குப் பின்னால் பெருங்காயம் எட்டிப் பார்த்தது. என் மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் கேக்காம்மா?" என்றாள்.

அடுத்த தடவை எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்தேன். நுரை நன்றாக வந்தது, அடுப்பில் வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்தது நன்றாக எழும்பியது. சிஃபான் கேக்கை வெந்ததும் அச்சோடு தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமுங்கிவிடும். கவிழ்த்தேன். கேக் பொத்தென்று மேசையில் விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் ஒவ்வொரு வாரமும். தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கிப் பார்த்தேன், எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், மாவைக் குறைத்துப் பார்த்தேன். புளோக் முழுக்கச் சுண்டல் சாப்பிட்டது.

அந்தச் சுண்டலில் ஒரு குறை இருந்தது. கடலை வேகும்போதே உப்புப் போட்டால்தான் உள்ளே ஏறும். வெந்த பிறகு எவ்வளவு போட்டாலும் தோலுக்கு மேலேயே நின்றுவிடும். கேக்குக்காக உப்பில்லாமல் வேகவைத்த கடலையில் கரிப்பு வெளியே இருக்கும், கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும். அம்மாவுக்கும் ஒரு டப்பா கொண்டுபோவேன். "உன் சுண்டல்ல மட்டும் உப்பு ஏறவே மாட்டேங்குதே, ஏன்?" என்பார். மறந்துவிட்டேன் என்பேன். காரணத்தைச் சொல்லவில்லை. ஏனென்றால், இந்தக் கேக் முயற்சியை முதலில் சொன்னபோதே அவர், "எனக்காக யாரும் நாக்கைக் கட்ட வேணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒரு வழியாக அச்சிலிருந்து விழாத கேக் ஒன்று வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பிடோக்கிலிருந்து குவீன்ஸ்டவுன் வரைக்கும் ரயிலில் போனேன். பக்கத்தில் யாராவது இடித்தால் முறைத்தேன். அம்மா துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"முட்டை இல்லையே?"

"இல்லம்மா. கடலைத் தண்ணிதான்."

"நிச்சயமா இல்லையே?"

"அப்பா மேல சத்தியமா இல்லம்மா."

சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் கெட்டியா இருக்கு. ஆனா அந்த வாசம் இருக்கு" என்றார். கையில் இருந்த துண்டை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். திரும்பி வரும்போது மின்தூக்கியில் அழுதேன். கூட வந்தவர் என்னவோ ஏதோ என்று காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் எல்லாரும் அம்மா வீட்டில் கூடுவது வழக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கேக் கொண்டுபோனேன், ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்டார், ஒவ்வொரு தடவையும் அப்பா மேல் சத்தியம் செய்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. நாக்கைக் கட்டியவர் கேட்கத்தான் செய்வார்.

கொஞ்ச மாதத்தில் அக்கா, "நீயே ஏன் கஷ்டப்படணும்? மாத்தி மாத்திச் செய்வோம். எனக்கும் சொல்லிக்கொடு" என்றாள். அக்கா வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில். கடலையும் ஊறவைத்து எடுத்துக்கொண்டு போய், அவள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் காட்டினேன். உப்புப் போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். என் சாம்பார் கேக் கதையைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அடுத்த மாதம் அக்கா கேக் கொண்டுவந்தாள். நீலமூடி டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தேன். ரொட்டிக்கடை கேக் போல அவ்வளவு உயரம். அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு, "இதுதான். இதே ருசிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நீயும் நல்லாத்தான் பண்றே. இருந்தாலும் அக்கா கைப்பக்குவம் தனிதான்" என்றார்.

சரி, மூத்தவள், கைராசிக்காரி, இருக்கட்டும். ஆனால் என்னால் விட முடியவில்லை. எப்படிச் செய்தாய் என்று அக்காவைக் கேட்டேன்.

"பொறுமையா அடிக்கணும்லா. உனக்குச் சின்னதுலேர்ந்தே எல்லாத்துலயும் அவசரம்."

இதை அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து பொறுமையாக அடித்தேன். இருந்ததைவிடப் பெரிய மின்கலக்கி ஒன்று வாங்கினேன். அதையும் பொறுமையாகச் சுற்றவிட்டேன். என் கேக் இரண்டு விரல் உயரமானது, அக்கா கேக்கின் தோளைக்கூடத் தொடவில்லை. அம்மாவோ என் முறை வரும் மாதங்களில் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு, "அடுத்த மாசம் அக்கா முறைதானே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு தடவை சும்மாதான் கேட்டேன். "கடலையை எல்லாம் என்ன பண்றேக்கா? எங்க வீட்ல மனுஷங்க என்னை அடிக்க வர்றாங்க."

"அத்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. அங்க இருக்கிற ஊர்ப் பசங்களுக்குச் சுண்டல்னா உயிரு."

அத்தான் வேலை பார்ப்பது கப்பல் பட்டறை அலுவலகம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருந்தது, நம்பினேன்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு. இந்தத் தடவை கேக் அக்கா முறை, நான் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். மளிகைக் கடையில் நல்ல கடலையாக இருந்தது. எனக்கு ஒன்றும் அக்காவுக்கு ஒன்றுமாக இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, உணவங்காடிப் பக்கம் வந்தால் அத்தான் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். என் அத்தான் வெள்ளந்தி. ஒரு பொய் சொல்லச் சொன்னால் மூன்று இடத்தில் தடுக்கி விழுவார்.

"வாங்க அத்தான், உங்களுக்குத்தான் சரக்கு வாங்கியிருக்கேன்" என்று பொட்டலத்தை மேசையில் வைத்தேன். "உங்க ஆபீஸ்ல அடுத்த வாரமும் சுண்டல் விருந்துதான்."

"என்ன சுண்டல்?"

"அதான், நீங்க கொண்டுபோறது. அக்கா கேக் செஞ்ச மறுநாள்."

அத்தான் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடலையா? எனக்குத்தான் கடலைன்னா வாயுவாச்சேம்மா. எங்க வீட்ல கடலை வேகவெச்சே வருஷமாச்சு. ஒரு தரம் நீ வந்து ஏதோ காமிச்சல்ல, அந்தச் சமயத்துலதான் கடைசி."

பொட்டலத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப கேக்கை எப்படித்தான் செய்யுறா?"

"முட்டையிலதான்" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல. "அம்மாதான் இப்ப கேக்குல போட்டா மட்டும் பரவாயில்லன்னு சொல்லிட்டாங்களாமே? உங்கக்கா சொன்னாளே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அக்கா முட்டையை மறைக்கவில்லை. எனக்கு ஒரு கதை, புருஷனுக்கு ஒரு கதை என்று பங்கு பிரித்துக் கொடுத்து, அதை நடு மேசையில் வைத்து வெட்டியிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன்.

அத்தான் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தது கேட்டது. நான் நிற்கவில்லை. சாலையைக் கடந்து, மின்தூக்கி ஏறி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். இரும்புக் கதவைத் திறந்த அக்காவின் கையில் மாவு ஒட்டியிருந்தது. பிறந்தநாளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே போனேன். சிஃபான் அச்சு ஒரு புட்டியின் கழுத்தில் தலைகீழாக நின்றது, அசையவில்லை. கழுவுதொட்டியில் முட்டை ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அக்கா எதிலும் சுத்தம்.

கடலைப் பொட்டலத்தை அந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கத்தாதே. பக்கத்து வீட்ல கேக்கும்" என்றாள்.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"முதல் தடவை கடலைத் தண்ணியிலதான் பண்ணினேன். களி மாதிரி வந்துச்சு. அம்மா வீட்டுக்குக் கிளம்பணும், நேரமில்ல. சரின்னு முட்டையை உடைச்சேன். ஒரு தடவைதானேன்னு நெனச்சேன். அம்மா ரெண்டு துண்டு சாப்பிட்டாங்க, பாத்தேல்ல? அப்பா படத்தைப் பாத்து அப்படிச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எப்படி நிறுத்துறது?"

"அம்மா வேண்டுதல் என்னாகும்?"

"உயிர் உள்ளவரைன்னா அப்பா உயிர் உள்ளவரை. அப்பாதான் போயிட்டாரே."

"என் உயிருன்னு அம்மா சொன்னப்ப நீயும்தானே அங்க இருந்தே?"

"கடைசிக் காலத்துல ஒருத்தங்க ஆசைப்பட்டதைச் சாப்பிட்டா சாமி கண்ணைக் குத்திடுமா?" என்று வேறு பக்கம் போனாள். "அவங்களுக்குத் தெரியாது. தெரியாம சாப்பிட்டா பாவமில்ல. பாவம்னா என் தலையில விடியட்டும்."

"அம்மா தன் நாக்குக்குப் போட்ட வேலியை எடுக்கிறதுக்கு நீ யாருடி?" என்றேன். அக்காவை அதற்கு முன்னால் நான் 'டி' போட்டதில்லை. "அப்பா மேல சத்தியம் பண்ணும்போது உனக்கு நாக்குக் கூசலையா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் எப்ப சத்தியம் பண்ணினேன்? அம்மா என்கிட்ட கேட்டதே இல்லையே."

நான் யோசித்துப் பார்த்தேன். நீலமூடி டப்பாவைத் திறந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அம்மா அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. துண்டைக் கொடுத்தால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். என்னைத்தான் கேட்டார், மாதாமாதம், இரண்டு இரண்டு தடவை.

நம்பவைத்துக் கழுத்தை அறுத்தாள் என்று அக்காவைச் சொல்லத்தான் வந்தேன். கழுத்தில் கத்தி இன்னொரு பக்கத்திலிருந்தும் இறங்கியது. எதற்கு அதிகம் கோபம் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அம்மாவின் வாக்கு கெட்டதற்கா, பொறுமையாக அடிக்கணும் என்று எனக்குப் பாடம் நடத்தியதற்கா, இல்லை, பொய் சொன்னவளை நம்பியவர் மெய் சொன்னவளைச் சத்தியம் கேட்டதற்கா?

"அம்மாகிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

"சொல்லு" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "சொல்லிட்டு அவங்க முகத்தைப் பாரு."

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் சொல்வதற்காகவே குவீன்ஸ்டவுன் போனேன். அம்மா அப்பாவின் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இத்தனை வருஷம் முட்டைகூட இல்லாம இருந்தது கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"கஷ்டம் என்ன கஷ்டம்" என்றார். "உங்கப்பா எனக்கு எவ்வளவோ செஞ்சார். நான் அவருக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். இன்னிக்கு வரைக்கும் தவறல. போய்ச் சேந்தா தலை நிமிந்து சொல்லுவேன்."

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அக்கா சொன்னது சரிதான், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. அக்காவைக் காப்பாற்ற நான் வாயை மூடவில்லை. ஆனால் நான் வாயை மூடியதும் அக்கா தப்பித்துவிட்டாள். அவள் பொய்க்கு அன்றிலிருந்து நான்தான் காவல்.

இனி ஒரு முட்டைகூட அம்மா வயிற்றுக்குள் போகக்கூடாது. அதற்கு மட்டும் அக்காவைத் தொலைபேசியில் பிடித்து உலுக்கினேன். அவள் உடனே ஒப்புக்கொண்டாள், அழவும் செய்தாள். அழுது முடித்ததும் அவளுடைய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஆனா நான் திடீர்னு நிறுத்தினா அம்மா ஏன்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. என் கடலைக் கேக்கைப் பாத்தா அன்னிக்கே சந்தேகம் வந்துடும். உன்னுதுதான் இப்ப நல்லா வருதே. நீ செஞ்சு கொடு. என் டப்பாவுல வெச்சு நான் கொண்டுவரேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஆனால் மறுத்து என்ன சொல்வது? அம்மாவின் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளுடைய பெயரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பிறந்தநாளுக்கு முதல் நாள் கடலையை ஊறவைத்து, உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, குளிரவைத்து, அக்கா சொல்லிக்கொடுத்த அந்தப் பொறுமையோடு அடித்தேன். கேக் எழும்பியது. நான் செய்ததிலேயே நல்ல கேக் அதுதான். அச்சிலிருந்து எடுக்கும்போது மட்டும் ஒரு பக்கம் லேசாக அமுங்கிவிட்டது. காலையில் தேக்காவில் இறங்கி அதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் நீலமூடி டப்பாவில் வைத்து மூடினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மிச்சக் கடலையில் கடுகு, மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்த சுண்டலோடு நான் தனியாக ரயிலேறினேன்.

அம்மா புதுப் புடவை கட்டியிருந்தார். மெழுகுவத்தியை ஊதினார். அக்கா ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். கேளுங்கள் அம்மா, இன்றைக்காவது அவளைக் கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். முட்டை இல்லையே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அக்கா தைரியமாகச் சத்தியம் செய்திருக்கலாம். அம்மா கேட்கவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் கேக். கெட்டியாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக மென்றார், கண்ணை மூடிக்கொண்டார், இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

"இன்னிக்கு ஒரு பக்கம் அமுங்கியிருக்கே. உன் அடுப்புல சூடு சரியில்ல போல" என்றார் அக்காவிடம். "ருசி மட்டும் அப்படியே இருக்கு. உன் கை உன் கைதான்."

"அடுப்பு பழசாயிடுச்சும்மா" என்றாள் அக்கா.

அப்படியென்றால் இத்தனை நாளும் அம்மாவுக்கு ருசித்தது முட்டை இல்லை. ஒரு வருஷம் நான் கடலைத் தண்ணீரோடு மல்லுக்கட்டியது வீண். எந்தத் தண்ணீரை அடித்தாலும், எந்த உயரத்துக்கு எழுப்பினாலும், அது என் கையிலிருந்து போனால் கெட்டிதான்.

அத்தான் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுண்டல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, இரண்டு கடலையை மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னிக்கும் உப்பு ஏறல பாரு. பிறந்தநாளும் அதுவுமா! தலை நரைக்கப்போகுது, ஒரு சுண்டலுக்கு உப்பு போடத் தெரியலையே உனக்கு. அக்காகிட்டயாச்சும் கத்துக்கக் கூடாதா?"

அந்தக் கடலை யாருக்காக உப்பில்லாமல் வெந்தது என்று அந்த மேசையில் என்னைத் தவிர இன்னொருத்திக்கும் தெரியும். நான் அவளைப் பார்த்தேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் அம்மாவின் தட்டில் மூன்றாவது துண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு, உப்பு ஜாடியை எடுத்துவர எழுந்தேன்.